உப்போடைத் தெரு தாளத்தில் விழுந்த கதை

உப்போடைத் தெரு மொத்தமும் ஒரே தாளத்தில் விழுந்த காலையில் அதை முதலில் கண்டுகொண்டது டீக்கடை காளிராஜ் அண்ணாச்சியின் வலது கைதான். இத்தனை வருஷமாகத் தன் இஷ்டத்துக்கு டீயை ஏற்றி இறக்கி ஆற்றிக்கொண்டிருந்த அந்தக் கை, உள்ளே யாரோ உட்கார்ந்து எண்ணிக்கொடுப்பதுபோல, ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று போகத் தொடங்கியது; அண்ணாச்சி வேகமாக்கிப் பார்த்தார், கை கேட்கவில்லை, மெதுவாக்கிப் பார்த்தார், அதற்கும் கேட்கவில்லை, சரி உன் பாடு என்று விட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சாரியில் கடலை மிட்டாய் போடும் சுப்புத்தாய் அக்காவின் சுத்தியல் அதே எண்ணிக்கையில் வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தது, மினிபஸ் அதே எண்ணிக்கையில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, வாசல் கூட்டுகிற விளக்குமாறுகள் எல்லாம் அதே எண்ணிக்கையில் சரக் சரக்கென்றன, தெருமுனைச் செவலை நாய்கூட ஒரு குரைப்புக்கும் அடுத்த குரைப்புக்கும் நடுவில் அதே அளவு இடம் விட்டுக் குரைத்தது.

“என்னக்கா இது?” என்றார் அண்ணாச்சி.

“எனக்கு எப்படிப்பா தெரியும்? மாடில சீனி என்னத்தையாவது அமுக்கிருப்பான்” என்றாள் சுப்புத்தாய் அக்கா, சுத்தியலை நிறுத்தாமல்.

எல்லோரும் ஒருமுறை தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள், ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இறக்கினார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். காரணம் பற்றித் தெரு நடத்திய விசாரணை அவ்வளவுதான்.

அவள் சொன்னது சரிதான். டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்த குயிலோசை ரெக்கார்டிங்கை நடத்தியவன் சீனிராஜ். கோவில்பட்டிச் சந்துபொந்துகளில் ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி எதைச் சொல்லிக்கொண்டு போனாலும், ஆடித் தள்ளுபடியோ, புதுப் பாத்திரக்கடை திறப்போ, அது அவன் மாடியில் பதிவானதாகத்தான் இருக்கும். ஊருக்கே குரல் வெட்டி ஒட்டிக்கொடுக்கிறவனுக்குச் சொந்தக் குரல் திக்கியது. சும்மா அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திக்குவதல்ல, ஒரு வார்த்தையின் வாசலில் போய் நின்றான் என்றால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும், இவன் தட்டுவான், தட்டுவான், அதற்குள் பக்கத்தில் இருக்கிற யாராவது அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். “டீயா? சக்கரை கம்மி, அதான சீனி?” என்று காளிராஜ் அண்ணாச்சி ஒருநாள் முடித்துக்கொடுத்தார், அன்றையிலிருந்து அவனுக்குச் சக்கரை கம்மிதான்.

அதனால் அவன் ஸ்டுடியோவில் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. மைக் இருக்கிற அறையில் மூன்று பல்பு மாட்டியிருந்தான். பச்சை எரிந்தால் ஆரம்பிக்கலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்தலாம், மஞ்சள் எரிந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள். பாட வருகிறவர்களும் பேச வருகிறவர்களும் பல்புக்குப் பழகிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி பாக்கியசெல்வி. ஆட்டோ விளம்பரம் என்றால் ஊரில் அவள் குரல்தான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுடைய குரலைவிடப் பேர்போனது அவள் கடைப் பெயருக்கு முன்னால் விடுகிற இடைவெளி. “உங்கள் அபிமான” என்று சொல்லி நிறுத்துவாள், ஆட்டோ போய்க்கொண்டே இருக்கும், பல் விளக்குகிறவன் வாயில் பிரஷ்ஷோடு நிற்பான், எந்தக் கடை என்று தெரியாமல் ஒருத்தரும் உள்ளே போகமாட்டார்கள், அப்புறம்தான் பெயர் வரும். சீனிராஜ் பல வருஷமாக அந்த இடைவெளியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டிருக்கிறான். மற்றவர்கள் குரலில் உள்ள மூச்சையெல்லாம் வெட்டி எறிகிறவன் அவளுடைய மூச்சை மட்டும் வெட்டியதில்லை. எல்லா ஆம்பளைகளையும் அண்ணே, தம்பி, மாமா என்று ஏதாவது முறை வைத்துக் கூப்பிடும் அவளும் இவனை மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிடாமல் சமாளித்து வந்தாள். பேரையும் சொன்னதில்லை. பல்பைப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று தெருவுக்குத் தெரியும், அவர்கள் இரண்டு பேர்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கையிலேயே விழாக் கமிட்டிச் செயலாளர் ஞானகுரு, தெருப் பெண்கள் அம்மனுக்கு அடிக்கிற கும்மியைப் பதிவு செய்து, அடியில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்த்து, கோவில் ஒலிபெருக்கியில் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அத்தனை பெண்களும் மாடியறைக்குள் அடங்கமாட்டார்கள். எனவே சீனிராஜ் பால்கனியிலிருந்து மைக்குகளைத் தெருவுக்குத் தொங்கவிட்டு, நடுத்தெருவில் அவர்களை வட்டமாக நிறுத்தி, காலை வெயிலிலேயே பதிவு செய்தான். டீக்கடை, சுத்தியல், மினிபஸ், விளக்குமாறு, செவலை நாய், தொட்டில், குடம், சண்டை எல்லாம் சேர்ந்துதான் பதிவாயிற்று. வெயிலில் பச்சைப் பல்பு எரிந்தால் தெரியாதே என்று கடைசி நிமிஷத்தில்தான் அவனுக்கு உறைத்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான். “ஆ...” என்றான். பெண்கள் தட்டுவதற்குக் கையை விரித்தபடி நின்றார்கள். “ஆ... ஆ...” என்றான். “ஆரம்பிங்கன்னு சொல்லுதான்!” என்று டீக்கடையிலிருந்து அண்ணாச்சி முடித்துக்கொடுத்தார், கும்மி தொடங்கிவிட்டது. மாடியேறியதும் சீனிராஜ் முதலில் செய்த வேலை அந்த ஆரம்பத்தை வெட்டித் தூக்கியதுதான்.

அவன் சாஃப்ட்வேரில் பாட்டுக்கு அடியில் வரிசையாகக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு தாளம், மொத்தக் கோடுகளுக்கும் டெம்போ மேப் என்று பெயர். டிரம்ஸ் அந்தக் கோட்டில்தான் அடிக்கும். மனிதக் கையோ கோட்டைப் பார்த்துத் தட்டுவதில்லை. கும்மி நிதானமாகத் தொடங்கும், சூடு பிடித்ததும் ஓடும், குனிகிற இடத்தில் கொஞ்சம் தங்கும். அப்போது செய்வதற்கு இரண்டு வழி உண்டு. கோட்டை ஒவ்வொன்றாக நகர்த்தி, கை எங்கே தட்டியதோ அங்கே கொண்டுபோய் வைப்பது ஒன்று. கையை இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் வைப்பது இன்னொன்று. முதலாவதற்குப் பொறுமை வேண்டும், இரண்டாவதற்கு ஒரு பொத்தான் போதும். ஞானகுரு பின்னால் நின்றுகொண்டு “பொங்கலுக்குள்ள கைக்கு வந்துருமா, வந்துருமா” என்று பிடுங்கிய பிடுங்கலில், சீனிராஜ் நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு தாளம் என்று போட்டு அந்தப் பொத்தானை அமுக்கினான். கைதட்டல்கள் எல்லாம் கோட்டில் போய் உட்கார்ந்தன. மைக்கில் விழுந்திருந்த தெருவும் கூடவே போய் உட்கார்ந்தது.

அமுக்கிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கியவன், வழக்கம்போல அண்ணாச்சி முடித்துக்கொடுப்பார் என்று நம்பித்தான் வாயைத் திறந்தான். ஆனால் அடுத்த தாளம் வந்தது, வார்த்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்து வெளியே வந்துவிட்டது. “அண்ணாச்சி, ஒரு டீ. சக்கர தூக்கலா.”

அண்ணாச்சியின் கை நின்றிருக்கும், தாளம் நிற்க விடவில்லை. “தூக்கலாவா? ஏல, இத்தன வருசமா கம்மியால்ல போட்டுத் தாறேன்!”

“எனக்குச் சப்புன்னுதான் இருந்துச்சு அண்ணாச்சி. சொல்ல முடியல” என்றான் சீனிராஜ், ஒரு இடத்திலும் நிற்காமல். சொல்லிவிட்டு அழுதான். அழுகையும் ஒரே சீராகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. சேர்த்து வைத்த பேச்சு அத்தனையும் வெளியே வந்தது. டீக்கடையில் பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்தான், வாசித்த செய்திக்கெல்லாம் கருத்துச் சொன்னான், மினிபஸ் கண்டக்டரிடம் அந்தப் படிக்கட்டு உயரம் அதிகம் என்று போன பொங்கலிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னான், பழைய வாத்தியார் ஒருத்தரைக் கூப்பிட்டு நிறுத்தி, வகுப்பில் விடை தெரிந்துதான் பேசாமல் நின்றேன் என்று சொல்லி, விடையையும் சொன்னான். காது புளித்தவர்கள்கூட எழுந்து போகவில்லை. “பேசட்டும், பாவம்” என்று தாளத்தோடு தலையாட்டிக் கேட்டார்கள்.

தெருவும் தாளத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. குழாயடியில் குடங்கள் ஒரே அளவு நேரத்தில் நிறைந்ததால் யார் முந்தி என்ற பேச்சு எழவில்லை. சண்டை வந்தாலும், இவள் ஒரு வசவு, அவள் ஒரு வசவு என்று முறை மாறாமல் விழுந்ததில் இரண்டு பேருக்குமே சீக்கிரம் சலித்துவிட்டது. அண்ணாச்சி கடையில் கிளாஸ் உடையவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்; ஓடுகிற ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் மாதிரி தெருமுனையில் கொஞ்சம் தடுமாறுவார்கள், பிறகு அவர்கள் காலும் சரியாகிவிடும். டிரில் வாத்தியார் ஒருத்தர் பிள்ளைகளைக் கூட்டிவந்து தெருவின் இந்த முனையில் விட்டு அந்த முனையில் எடுத்துக்கொண்டு, அணிவகுப்பு இவ்வளவு சுலபமாக எந்த வருஷமும் வந்ததில்லை என்று மகிழ்ந்துபோனார். ஞானகுரு தன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்றைத் தெருமுனையில் கட்டி, தொண்ணூற்றாறு தெரு தங்களை அன்புடன் வரவேற்கிறது என்று எழுதிவைத்தார்.

பாக்கியசெல்வி ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் பேச வந்தாள். தெருமுனையில் கால் மாறியபோது ஒரு நொடி முகம் சுளித்தாள். மைக் முன்னால் நின்று “உங்கள் அபிமான” என்றாள், அடுத்த தாளத்தில் கடைப் பெயர் தானாக வந்து விழுந்துவிட்டது. மறுபடி சொன்னாள், மறுபடியும் விழுந்தது. தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பெயருக்கு முன்னால் இருந்த அந்த இடத்தை யாரோ செங்கல் வைத்துப் பூசியதுபோல் அடைத்திருந்தார்கள். மஞ்சள் பல்பு எரியவில்லை. அதற்குப் பதிலாகக் கதவைத் திறந்துகொண்டு சீனிராஜே உள்ளே வந்தான், முகமெல்லாம் வெளிச்சமாக.

“பாக்கியசெல்வி” என்றான். அந்தப் பெயரின் முதல் எழுத்து அவனுக்கு உலகத்திலேயே கனமான கதவு. அன்றைக்கு அது சும்மா திறந்துகொண்டது. “ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிடுவமா?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அடுத்த தாளம் வந்து அவளை நெட்டித் தள்ளியது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே கண் இரண்டும் அவனையே பார்த்தன. பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருவைத் தாண்டி, ஃப்ளெக்ஸுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுதான் பேசினாள். அவன் இந்தப் பக்கம் நின்றான்.

“இந்தத் தெருவுல யோசிக்க இடமில்ல” என்றாள். “நீங்க கேட்டது சின்ன விஷயமில்ல. அதுக்கு ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லணும் எனக்கு. இங்க வந்து கேளுங்க.”

சீனிராஜ் தெருமுனையைத் தாண்டி ஒரு அடி வைத்தான். தாளம் காலடியிலிருந்து நழுவிப்போனது. “ப்...” என்றான். அவள் காத்திருந்தாள், எப்போதும்போல, வார்த்தையை எடுத்துக்கொடுக்காமல். “ப்... ப்...” அவன் கழுத்து நரம்பு புடைத்தது. தெருவுக்குள்ளே எவ்வளவு பேசினான் என்பது அவனுக்கே நினைவு வந்தது, அந்த வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது. காலைப் பின்னால் இழுத்துத் தெருவுக்குள் வந்துவிட்டான்.

“உள்ள வாயேன், உள்ள வச்சு எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுதேன்” என்றான் சரளமாக.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அங்க வந்தா என் குரல் போயிருது. வெளிய வந்தா உங்க குரல் போயிருது. நான் என்ன செய்ய, சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ரயில்வே கேட் பக்கம் நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஊரில் ஆட்டோக்கள் அந்த ஜவுளிக்கடை விளம்பரத்தைப் போட்டுக்கொண்டு போயின, பல் விளக்குகிறவர்கள் நிற்காமல் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார்கள்.

தெருவுக்குள்ளும் குறை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. முதலில் பாகு. கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகு பதம் வருவது ஒரு கணத்தில், அதற்கு முன்னால் இறக்கினால் பிசுபிசுக்கும், பின்னால் இறக்கினால் கருகும். சுப்புத்தாய் அக்கா கரண்டியைத் தூக்கிக் கம்பியைப் பார்த்து இன்னும் துளி, இன்னும் துளி என்று நிற்கிறவள், இப்போது கை தாளத்தில் போய் இறக்கிவிடுகிறது. மிட்டாய் பல்லில் ஒட்டியது. பிறகு பிள்ளைகள் தூக்கம். தொட்டில் நன்றாகத்தான் ஆடியது, ஆனால் தூக்கம் வருகிற நேரத்தில் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைய வேண்டும் அல்லவா, அது குறையவில்லை, பிள்ளைகள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தன. சலூன்காரர் சொல்லும் ஜோக்குக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜோக் அதே ஜோக்தான், கடைசி வரிக்கு முன்னால் அவர் கத்தரியை நிறுத்திக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், அது போய்விட்டது.

அப்புறம் பஞ்சு மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன் இறந்துபோனார். அவர் மகள் முத்துவேணிதான் கும்மியில் முன்னடி பாடுகிறவள். மாலையும் கொட்டும் வந்தன, சொந்தக்காரர்கள் வந்தார்கள், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி கும்மி மாதிரி விழுந்தது. “எங்கப்பா” என்று முத்துவேணி இழுத்தாள், இழுவை நீளுவதற்கு முன்னால் அடுத்த தாளம் வந்து நறுக்கிவிட்டது. மறுபடி இழுத்தாள், மறுபடியும் நறுக்கியது. மார்பில் அடித்துக்கொண்டாள், அந்த அடியும் சொல்லி வைத்ததுபோல் போய்க் கோட்டில் விழுந்தது. பாடை போன பிறகு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, “அழுக அளந்து அளந்து வருதுக்கா. உள்ள அப்படியே கெடக்கு” என்று சுப்புத்தாய் அக்காவிடம் சொன்னாள். 

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தெரு டீக்கடை முன்னால் கூடியது. ஞானகுரு, பொங்கல் நெருங்கிவிட்டது, ஃப்ளெக்ஸெல்லாம் கட்டியாகிவிட்டது என்று ஏதோ சொல்லப் பார்த்தார், யாரும் காது கொடுக்கவில்லை. எல்லோரும் சீனிராஜைப் பார்த்தார்கள்.

“மாத்திரலாமாய்யா?” என்றார் அண்ணாச்சி.

“மாத்தலாம். ஒரு நாள் வேல” என்றான் சீனிராஜ். “மாத்துனா எனக்குப் பேச்சு போயிரும்.”

அவர்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ஒரே ஒரு தாள நேரம்தான் மௌனமாக இருக்க முடிந்தது, ஆனால் அந்த ஒரு தாளம் தெரு முழுக்க மௌனமாக இருந்தது. முதலில் பேசியது சுப்புத்தாய் அக்கா.

“அப்படின்னா விடு. மிட்டாய் கொஞ்சம் ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது.”

“பிள்ளைய எங்கம்மா வீட்டுல கொண்டுபோய்த் தூங்க வச்சுக்கிடுதேன்” என்றாள் ஒருத்தி.

“எஞ்ஜோக்குக்கு முந்தியும் பாதிப் பேரு சிரிக்கல” என்றார் சலூன்காரர்.

முத்துவேணி சுவரோரம் நின்றிருந்தாள். “நான் பெறகு அழுதுக்கிடுதேன் சீனி. நீ பேசு” என்றாள்.

 தாளம் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்று வார்த்தை கேட்டது, கொடுக்கச் சீனிராஜிடம் ஒன்றும் இல்லை. எழுந்து தெருவை விட்டு வெளியே நடந்தான். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்ப் பாக்கியசெல்வி வீட்டு வாசலில் நின்றான், எதற்கு வந்தோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியாமல். அவள் வெளியே வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவளாகவே பேசினாள்.

“கும்மி பதிவு பண்ணுன அன்னைக்கு நானும் வந்திருந்தேன்ல. மாடில உங்க இன்னொரு ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க ஆரம்பிக்கச் சொல்ல வந்தீங்க, அண்ணாச்சி முடிச்சு வச்சுட்டாக, எல்லாரும் தட்ட ஆரம்பிச்சுட்டாக. ஆனா நீங்க விடல. அந்தச் சத்தத்துக்குள்ள நின்னு, கடைசில சொல்லிட்டீங்க, ஆரம்பிக்கலாம்னு. முழுசா. ஒருத்தரும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு.”

சீனிராஜ் அதை மறந்தே போயிருந்தான். தலையை ஆட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தான்.

மறுநாள் காலை கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவன், முதலில் அந்தத் தொண்ணூற்றாறை எடுத்தான். கும்மியைப் பழையபடி, பெண்கள் தட்டிய இடத்திலேயே இருக்க விட்டான். பிறகு கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நகர்த்தினான். முத்துவேணி முன்னடி எடுக்கையில் கை கொஞ்சம் முந்தியது, கோட்டையும் முன்னால் தள்ளினான். குனிந்து நிமிரும் இடத்தில் எல்லோரும் தங்கினார்கள், கோடும் தங்கியது. அடியில் கேட்ட சுத்தியலையும், தொட்டில் கயிறு முனகுவதையும், ஆவுடையப்பன் யாரையோ பார்த்துச் செருமியதையும் கேட்டுக் கேட்டு வைத்தான். ஒரு கட்டம் அகலமாக இருந்தது, அடுத்த கட்டம் ஒடுங்கி இருந்தது, ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. அவன் நகர்த்த நகர்த்தக் கீழே தெரு ஒவ்வொரு வீடாகத் தளர்ந்தது. முதலில் தொட்டில்கள் மெல்ல நின்றன. எதிர்ச் சாரியில் சுப்புத்தாய் அக்கா “துளி இரு, துளி இரு” என்று பாகிடம் சொல்வது கேட்டது. பிறகு முத்துவேணியின் வீட்டிலிருந்து “எங்கப்பா” என்று ஒரு குரல் எழுந்தது, நீண்டது, இன்னும் நீண்டது, மூச்சு முடியும் மட்டும் போய் உடைந்தது. தெருவில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா” என்றார்கள்.

கடைசியில் ஆரம்பம் பாக்கி இருந்தது. வெட்டிப்போட்ட துண்டைக் குப்பையிலிருந்து எடுத்துக் கும்மிக்கு முன்னால் ஒட்டினான். தன் குரலைத் தானே கேட்பது அவனுக்கு எப்போதும் கூசும். “ஆ...” என்றது அவன் குரல். பெண்கள் விரித்த கையோடு நின்ற அமைதி கேட்டது, ஒரு வளையல் கிணுங்கியது. “ஆ... ஆ...” அண்ணாச்சி கத்தினார், கை தட்டத் தொடங்கியது, அந்தத் தட்டலுக்கு அடியில், வெகு அடியில், அவள் சொன்னதுபோலவே இருந்தது: “ஆரம்பிக்கலாம்.”

முதல் கோட்டை எங்கே வைப்பது? முதல் கைதட்டில் வைப்பதுதான் முறை, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சீனிராஜ் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைதட்டல்களை எல்லாம் அப்படியே சேர்த்துப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் தள்ளினான், அண்ணாச்சியின் கத்தலைத் தனியே பிரித்து அமுக்கினான், தன் வார்த்தை முடிகிற இடத்தில் முதல் கோட்டை வைத்தான். அதற்கு முன்னால் அந்த நீளமான கட்டம் காலியாகக் கிடந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பாக்கியசெல்விக்கு, விளம்பரம் மறுபடி பேச வரலாம் என்று ஒரு மெசேஜ் அனுப்பினான்.

அவள் சாயங்காலம் வந்தாள். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் கயிறு அவிழ்ந்து தொங்கியது. கால் தடுமாறவில்லை, அவள் நடை அவள் நடையாகவே உள்ளே வந்தது. மாடிப்படிக்கு முன்னால், டீக்கடை ஓரத்தில், சீனிராஜ் நின்றிருந்தான். அண்ணாச்சி அவனுக்காகத்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சுப்புத்தாய் அக்கா சுத்தியலை ஓங்கியிருந்தாள், மினிபஸ் திரும்பிக்கொண்டிருந்தது, செவலை நாய் அதைப் பார்த்துக் குரைக்க வாயைத் திறந்திருந்தது.

“ப்...” என்றான் சீனிராஜ்.

அண்ணாச்சியின் உயர்ந்த கைக்கும் தாழ்ந்த கைக்கும் நடுவில் டீ அப்படியே நின்றது, ஒரு முழம் நீளத்துக்கு, ஆவி பறக்க. சுத்தியல் ஓங்கியபடி நின்றது. மினிபஸ் பாதி திரும்பி நின்றது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார், நாயின் வாய் திறந்திருந்தது. பயந்து போனவர்கள் ஒருத்தரும் இல்லை. கும்மிக்குக் கை விரித்து நின்ற பெண்களைப்போல, வரும் என்று தெரிந்தவர்களாகத் தெருவே நின்றது. “ப்... ப்...” என்றான் அவன். அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது, தெருவில் எல்லோர் நாக்கிலும் இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“பாக்கியசெல்வி” என்றான் சீனிராஜ். வேர்த்துக் கொட்டியது. அவசரப்பட வேண்டியதில்லை என்று அவனுக்கே விளங்கியிருந்தது, அடுத்த வார்த்தையின் வாசலிலும் போய் நின்றான், அங்கும் தெரு கூடவே நின்றது. “க... கல்யாணம்... பண்ணிக்கிடுவமா?”

“சரி” என்றாள் அவள் உடனே.

சொல்லிவிட்டு நிறுத்தினாள். ஊருக்கே தெரிந்த அந்த இடைவெளி, பெயருக்கு முன்னால் அவள் விடுகிற அதே இடைவெளி. அதற்கும் தெரு காத்திருந்தது, அதற்குக் காத்திருந்து ஊருக்கு ஏற்கனவே பழக்கம்தான். டீ நின்ற இடத்திலேயே நின்றது. அவன் பல வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட அந்த மூச்சை இன்றைக்கு ஹெட்போன் இல்லாமல் கேட்டான். இவ்வளவு நாளும் எந்தக் கடைக்கும் விடாத அளவு நீளமாக விட்டாள். பிறகு முதல்முறையாக அவன் பெயரைச் சொன்னாள்.

“சீனிராஜ்.”

டீ கிளாஸில் விழுந்தது, சுத்தியல் வெல்லத்தில் விழுந்தது, மினிபஸ் திரும்பியது, நாய் குரைத்தது. அண்ணாச்சி கிளாஸை நீட்டினார், சக்கரை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவன் சொல்லட்டும் என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.